முதல் வீணை: ஏகாண்டமா, ஒட்டா, பழசா, எலக்ட்ரானிக்கா?

முதல் வீணை வாங்கக் கடைக்குப் போனால் கண் நேராகப் போவது தலைப்பக்கத்து யாளி முகத்துக்கும் உருண்டையான குடத்தின் மேல் இருக்கும் வேலைப்பாட்டுக்கும்தான். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கையில் அளவான பணம் இருக்கும்போது பார்க்க வேண்டியது மேளம். தண்டியின், அதாவது நீளமான கழுத்தின், இரண்டு ஓரத்திலும் கறுப்பாக ஓடுகிற மெழுகும் அதில் பதித்திருக்கும் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தும் உலோகக் கம்பிகள்) சேர்ந்ததுதான் அது. மேளம் கலைந்த வீணையில் ஆறு மாதம் முதல் பாடமான சரளி வரிசை வாசித்த பிள்ளைக்குத் தப்பான காந்தாரமே (க ஸ்வரம்) சரி என்று காதில் பதிந்துவிடும், அதை மாற்றுவது பெரும்பாடு.

ஏகாண்டம் என்றால் குடம், தண்டி, யாளி எல்லாமே ஒரே பலாக்கட்டையில் குடைந்தது. ஒட்டு வீணையில் மூன்றையும் தனித்தனியாகச் செய்து இணைப்பார்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து கடையில் அந்தப் பெயரை அழுத்திச் சொல்கிறார்கள், ஆனால் தஞ்சாவூரில் ஒட்டும் செய்கிறார்கள் ஏகாண்டமும் செய்கிறார்கள், அதனால் எந்த வகை என்று வாய்விட்டுக் கேளுங்கள். நல்ல ஏகாண்டத்தில் தாழ்ந்த ஸட்ஜம் பேசும் மந்தரத் தந்தியை ஒரு முறை மீட்டினால் நாதம் அடங்கவே மனசில்லாமல் நின்று கேட்கும், அதை ஒருமுறை கேட்டவர்களுக்கு ஆசை விடாது. ஆனால் அந்த நாதத்தைப் பயன்படுத்திக்கொள்ள கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, கையில் வந்திருக்க வேண்டும். சரளிக்கு அடுத்து வரும் ஜண்டை வரிசை தாண்டாதவருக்கு அவ்வளவு பணம் அதில் போட வேண்டியதில்லை என்பது என் கருத்து. பெரிய கட்டையும் கூடுதல் உழைப்பும் தேவைப்படுவதால் விலை எப்போதும் ஒட்டைவிட நன்றாகவே ஏறித்தான் இருக்கும்.

ஒட்டு வீணையை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு, அதை நம்பாதீர்கள். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், இடைவெளி தட்டக் கூடாது, தந்திகளை முழுச் சுருதிக்கு ஏற்றிய பிறகும் அந்த இடம் அசையக் கூடாது. அது உறுதியாக இருந்தால் வர்ணம், கீர்த்தனை வரை தாராளமாக வாசிக்கலாம்.

பழைய வீணைதான் எனக்குப் பிடித்த வழி. என் தங்கை மகளுக்கு அப்படித்தான் வாங்கினோம். ஒரு வீட்டில் வருஷக்கணக்கில் உறைக்குள் கிடந்த ஒட்டு வீணை, மெழுகு காய்ந்து நகம் பட்டாலே பொடிப்பொடியாக உதிர்ந்தது, மூன்று மெட்டுகள் ஆடின. ஆனால் குடத்தில் கீறல் இல்லை, தண்டி வளையவில்லை. புதுசு வாங்க வைத்திருந்த பணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் வீணைக்குப் போயிற்று, மிச்சத்தில் புதிதாக மேளம் கட்டினோம். பெரியவர் ஒருவர் உட்கார்ந்து தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கலவையைச் சூடாக்கிக் கரை கட்டி, ஒவ்வொரு மெட்டாக வைத்து, மீட்டி, ஒரு நூல் அளவு தள்ளி, மறுபடி மீட்டி, சுருதிப் பெட்டியோடு சேர்ந்ததும்தான் அடுத்ததுக்குப் போனார். அந்தக் காதுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

வாங்கும் முன் நீங்களே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. எந்த மெட்டையும் அழுத்தாமல் முதல் தந்தியான சாரணியை மீட்டுங்கள், அது ஸட்ஜம் (ஸ). யாளிப் பக்கத்திலிருந்து எண்ணி 7ஆவது மெட்டில் பஞ்சமமும் (ப) 12ஆவதில் மேல் ஸட்ஜமும் துல்லியமாக வர வேண்டும். அப்புறம் இரண்டாவது தந்தியான பஞ்சமத் தந்தியில் 5ஆவது மெட்டை அழுத்துங்கள், அது சாரணியின் ஸட்ஜத்தோடு ஒன்றிப்போக வேண்டும். தந்தியை முறுக்கும் பிரடை வழுக்கினால் பயப்பட வேண்டாம், சரிசெய்து விடலாம். குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல்தகட்டில் தந்தி பள்ளம் பறித்திருந்தாலும் அப்படித்தான், ஆனால் விலையில் அதைக் குறைத்துக் கேளுங்கள். தண்டி வளைந்திருந்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

எலக்ட்ரானிக் வீணையை, பெங்களூரு ராடெல் போன்றவர்கள் செய்வதை, அடிக்கடி ஊர் மாறுகிறவர்களுக்கும் அடுக்குமாடியில் ராத்திரி சாதகம் செய்கிறவர்களுக்கும் சொல்வேன். தூக்கிப்போக எளிது, மெழுகு உருகுமோ என்ற கவலையும் இல்லை. ஆனால் மரக்குடத்தின் அதிர்வு மடியிலும் தோளிலும் ஏறுவது அதில் கிடைக்காது, விரல் சரியாக அழுந்தியதா என்று ஆரம்பத்தில் எனக்குச் சொன்னது அந்த அதிர்வுதான். வீட்டில் வைத்துக் கற்கும் சிறுவர்களுக்கு அதனால்தான் மர வீணையையே சொல்கிறேன்.

எதை வாங்கினாலும் உங்கள் டீச்சரைக் கூட்டிப்போய், அவர் எத்தனை கட்டை சுருதியில் (சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு) சொல்லிக்கொடுப்பார் என்பதற்கேற்ற தந்தியைக் கடையிலேயே போடச் சொல்லுங்கள். ஊருக்குக் கொண்டுவரும்போது மத்தியான வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், மெழுகு இளகினால் மெட்டு நகர்ந்துவிடும்.