அங்குல வரைபடமா, தோட்டத்துப் பிளானா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் பழங்கதையைத் தேடினால் கைகொடுப்பவை இரண்டு.

நில அளவைத் துறையின் பழைய வரைபடம் ஒரு மைலை ஓர் அங்குலமாக்கியது, அதாவது 1:63,360. ஆறு, ரயில் பாதை, சாலைக்கு அதை நம்பலாம். கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கிலேயர் அறிவித்த 1948 அவசரகாலத்துக்கு முந்தைய தாளையும் பிந்தைய தாளையும் அருகருகே விரித்தால், மக்களை இடம்பெயர்த்துக் குடியமர்த்திய புதுக்கிராமங்கள் முளைத்தது கண்ணில் படும். நம் பாட்டி பிறந்த, தொழிலாளர் வரிசை வீடான லயமோ, இருந்தால் ஒரு கறுப்புக் கீற்று.

தோட்ட நிர்வாகம் தனக்கென வைத்திருந்த பிளான் அப்படியல்ல. நடவு ஆண்டோடு பால்மரக் காடுகள், லயம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, சில வேளை மாரியம்மன் கோயிலும் இருக்கும். வேலிக்கு அப்பால் வெறும் வெள்ளைத்தாள். தோட்ட மேலாளரான துரைக்கு அது தேவைப்படவில்லை. தோட்டம் கைமாறினால் பிளான் போகுமிடம் யாருக்கும் தெரியாது.

என் தேர்வு பிளான்தான், கிடைத்தால்.