ராமநாதபுரம் கடற்கரைக்கு எந்த இரட்டை என்ஜின்? டகோட்டா, டார்னியர், ஐலேண்டர்: ஒரு பால்சா அலசல்

இரட்டை என்ஜின் மாதிரி விமானம் கட்ட ஆசைப்படுகிறவர்களில் பலர் டகோட்டாவில்தான் மனதைப் பறிகொடுக்கிறார்கள். அந்த ஆசையில் நியாயம் உண்டு. 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்த டக்ளஸ் டிசி-3 குடும்பத்தைச் சேர்ந்தது அது. 1947 அக்டோபரில் ஸ்ரீநகரில் இந்தியப் படையினரைக் கொண்டுபோய் இறக்கியவையும் டகோட்டாக்களே. ஆனால் பால்சா மரத்தில் முதல் இரட்டை என்ஜின் மாதிரியைக் கட்டி, அதைத் தொண்டிக்கும் சாயல்குடிக்கும் இடையில் ஏதோ ஒரு கண்மாய்த் தரையிலிருந்து ரேடியோவில் பறக்கவிடப் போகிறீர்கள் என்றால், நான் பிரிட்டனில் உருவான சிறிய விமானமான பிரிட்டன்-நார்மன் ஐலேண்டரைத்தான் சொல்வேன். மூன்றாவது போட்டியாளர் டார்னியர் 228. கான்பூரில் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) தயாரிப்பது, கடற்படையும் கடலோரக் காவல் படையும் ரோந்துக்குப் பயன்படுத்துவது. நம் கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதன்மேல் தனிப் பிரியம் இருப்பது இயல்பு.

மூன்றையும் ஒரே மாதிரியான அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். ஏறத்தாழ 1.9 மீட்டர் இறக்கை நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதைவிடப் பெரிதாகக் கட்டினால் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது, வீட்டில் வைக்கவும் இடம் இராது. 28.96 மீட்டர் டகோட்டாவைப் பதினைந்தில் ஒன்றாகக் குறைத்தால் 1.93 மீட்டர். 16.97 மீட்டர் டார்னியர் ஒன்பதில் ஒன்றாகக் குறைந்தால் 1.89. 14.94 மீட்டர் ஐலேண்டர் எட்டில் ஒன்றாகி 1.87. நீளம் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இறக்கையின் பரப்பைக் கணக்கிட்டால் கதை மாறுகிறது. டார்னியருக்குச் சுமார் 39.5 சதுர டெசிமீட்டர், டகோட்டாவுக்கு 41, ஐலேண்டருக்கு 47. மூன்றும் 3 கிலோ எடை என்று கொண்டால், ஒரு சதுர டெசிமீட்டர் தாங்கவேண்டிய சுமை டார்னியரில் 76 கிராம், டகோட்டாவில் 73, ஐலேண்டரில் 64. சுமை குறைந்தால் மெதுவாக இறங்கலாம். மெதுவாக இறங்கும் விமானத்தை மறுநாளும் பறக்கவிடலாம்.

இறக்கையின் வடிவம் இதைவிட முக்கியம். டகோட்டாவின் இறக்கை வேரில் அகலமாகத் தொடங்கி, என்ஜின்களுக்கு அப்பால் முனையை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகிறது. முனையின் அகலம் வேரில் உள்ளதில் பாதிகூட இராது. சிறிய மாதிரியில் அந்த ஒடுங்கிய முனைதான் முதலில் காற்றின் பிடியை இழக்கும். வேகம் குறைந்த ஒரு திருப்பத்தில் ஒரு பக்க முனை திடீரென்று தொய்ந்து விமானம் சுழன்று விழுவது அதனால்தான். முனையின் முன்விளிம்பை இரண்டு டிகிரி கீழ்நோக்கி முறுக்கிக் கட்டினால் ஓரளவு தப்பலாம். அந்த முறுக்கு இரு பக்கமும் சமமாக அமைய வேண்டும் என்பதுதான் சிரமம். டார்னியரின் இறக்கை நடுவில் நேராக இருந்து, வெளிப்பக்கம் ஒடுங்கி, கூரிய முனையில் முடிகிறது. பார்க்க அழகு, ஆனால் கட்டுவதற்குப் பொறுமை வேண்டும்.

ஐலேண்டரின் இறக்கை ஒரு நீள்சதுரம். அதன் நிஜ அகலமான இரண்டு மீட்டர் நம் அளவில் 25 சென்டிமீட்டராகிறது, வேரிலிருந்து முனைவரை அதே 25. இப்படிப்பட்ட இறக்கை முதலில் வேரில்தான் பிடியிழக்கும். முனையிலுள்ள எய்லரான்கள் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடிப்புகள்) அப்போதும் வேலை செய்யும், விமானிக்குச் சமாளிக்க நேரம் கிடைக்கும். கட்டுகிறவனுக்கு இதில் இன்னொரு வரமும் இருக்கிறது: எல்லா ரிப்களும், அதாவது இறக்கையின் குறுக்கே நிற்கும் விலா எலும்புகளும், ஒரே அச்சு. 3 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு அச்சுகளை மட்டும் துல்லியமாக வெட்டிக்கொள்ளுங்கள். 2 மி.மீ. பால்சாத் துண்டுகளை அவற்றுக்கிடையே அடுக்கி, இரண்டு போல்ட்டுகளால் இறுக்கி, மொத்தமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஒரு மாலைப் பொழுதில் முப்பது ரிப்களும் தயார். கிளார்க் ஒய் போன்ற தட்டையான அடிப்புறம் கொண்ட வடிவத்தைத் தேர்ந்தால் இறக்கையை மேசைமேல் நேராக வைத்தே கட்டலாம். டகோட்டாவில் ஒடுங்கும் பகுதியின் ஒவ்வொரு ரிப்பும் தனித்தனி வரைபடம். லேசர் வெட்டுக்கு ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கு அது பெரிய தடையல்ல. கத்தியும் அளவுகோலுமாக உட்கார்கிறவர்களுக்குத் தடைதான்.

உடற்பகுதியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டகோட்டா உருண்டை, மெல்லிய பட்டைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி மூட வேண்டும். மற்ற இரண்டும் பெட்டி.

சக்கரங்களில் ஐலேண்டருக்கு ஒரு குறை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் முக்கியக் கால்கள் என்ஜின் கூடுகளுக்குப் பின்னாலிருந்து இறங்குகின்றன, ஒவ்வொன்றிலும் இரட்டைச் சக்கரம். இறங்கும்போது விழும் அடி முழுவதும் இறக்கைக்குள் போகும். எனவே கால் பொருந்தும் இடத்தில் இரண்டு ரிப்களைப் பால்சாவில் வெட்டாமல் பிளைவுட்டில் வெட்டி, இறக்கையின் நீளவாட்டில் ஓடும் சட்டங்களான இரண்டு ஸ்பார்களோடும் எபாக்சிப் பசையால் கட்டிவிட வேண்டும். டார்னியரில் கால்கள் உடற்பகுதியின் பக்கவாட்டு வீக்கங்களிலேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவை உள்ளே மடங்குபவை. மடக்கும் பொறியும் கடற்கரை மணலும் உப்பும் ஒத்துப்போகவே மாட்டா. டகோட்டாவின் சக்கரங்கள் மடங்கிய பிறகும் பாதி வெளியே தெரியும் என்பதால் அவசரத்தில் வயிற்றில் இறக்கலாம். அந்த ஒரு விஷயத்தில் டகோட்டா மற்றவற்றை ஜெயிக்கிறது.

காற்றைப் பொறுத்தவரை டார்னியருக்கு ஒரு சாதகம் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில், சுமை அதிகமுள்ள இறக்கை காற்றை அறுத்துக்கொண்டு போகும், ஐலேண்டர் தத்தளிக்கும். வாடைக்காலத்திலும் அப்படித்தான். மாசி, பங்குனியில் விடியற்காலை காற்று அடங்கியிருக்கும் நேரம் ஐலேண்டருக்குப் பொருந்தும். ஆண்டு முழுவதும் பறக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் டார்னியர் பக்கம் போகலாம்.

எண்ணெயா, மின்சாரமா?

இரண்டு 4 சி.சி. குளோ என்ஜின்கள் ஒத்திசைந்து பாடும் சத்தத்துக்கு ஈடில்லை. அதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் மெத்தனாலும் ஆமணக்கு எண்ணெயும் கலந்த எரிபொருளை இந்த ஊர்ப் பக்கம் தேடி அலைய வேண்டும். ஒரு என்ஜின் நின்றுவிட்டால் விமானம் நின்ற பக்கம் இழுக்கும். அப்போது கை பதறி எய்லரானைத் திருப்பினால் காரியம் கெட்டுவிடும். ஓடும் என்ஜினின் வேகத்தைக் குறைத்து, மூக்கைத் தாழ்த்தி, வால் சுக்கானான ரட்டரால் நேராக்க வேண்டும். இதை முதல் இரட்டை என்ஜின் விமானத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மின்மோட்டார் இந்த அபாயத்தைப் பெரிதும் குறைக்கிறது. 3 கிலோ ஐலேண்டருக்கு மொத்தம் 700 வாட், ஒரு மோட்டாருக்கு 350 போதும். நான்கு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியில் அது ஒரு மோட்டாருக்கு 24 ஆம்பியர். ஆளுக்கொரு பேட்டரி என்று பிரிக்காமல், உடற்பகுதியில் ஒரே 5000 எம்.ஏ.எச். பேட்டரியிலிருந்து இரண்டுக்கும் மின்சாரம் கொடுப்பதே மேல். மின்னழுத்தம் தாழ்ந்தால் இரண்டுக்கும் சேர்ந்தே தாழும், விமானம் பக்கவாட்டில் இழுக்காது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பேட்டரிக்கு அருகில் வைத்து, மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளை நீட்டுங்கள். பேட்டரிப் பக்கக் கம்பியை நீட்டினால் கருவியின் கெப்பாசிட்டர் சூடேறி வீணாகும். இரு கருவிகளும் ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்கும் வகையானால், ஒன்றின் சிவப்புக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். ஒரு மோட்டாரை எதிர்ப்பக்கம் சுழல வைக்க விரும்பினால் மூன்றில் ஏதேனும் இரண்டு கம்பிகளை இடம் மாற்றி, எதிர்ச்சுழல் விசிறியைப் பூட்டினால் முடிந்தது.

மரமும் மேலுறையும்

எந்த விமானமானாலும் பால்சாவைத் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். 1.5 மி.மீ. தடிமன், 10 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளமுள்ள பலகை 18 கிராமும் இருக்கலாம், 30 கிராமும் இருக்கலாம். முகப்புத் தோலுக்கு முன்னது, ஸ்பாருக்கு அருகில் பின்னது. தொண்டியில் படகு கட்டும் ஆசாரி ஒருவரிடம் இரண்டு பலகைகளைக் காட்டினேன். பால்சாவை அதற்குமுன் பார்த்திராதவர், இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது வளையும் தம்பி. இந்த மினுமினுப்பு உள்ளது வளையாது, முறியும்" என்றார். அதே வேறுபாடுதான் இந்தத் துறையில் ஏ ரகம், சி ரகம் என்று வழங்குகிறது. வளைவது இறக்கையின் முன்விளிம்புத் தோலுக்கு. புள்ளி புள்ளியாக மின்னும் விறைத்த பலகை ரிப்களுக்கு.

பட்டுத்துணியில், அதை இறுக்கும் வார்னிஷான டோப் பூசும் பழைய முறை கண்ணுக்கு விருந்து. ஈரக்காற்றில் டோப் வெண்மையாகப் பூத்துவிடும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அதற்குப் பொருளில்லை. இஸ்திரியால் ஒட்டும் ஃபிலிம் வெயிலில் தளர்ந்தாலும், மீண்டும் சூடுகாட்டினால் இறுகிவிடும். மரத்துக்குள் ஈரம் புகாமலும் காக்கும். பறந்து முடித்ததும் மோட்டார்களின் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பேரிங்குகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் உப்பு அவற்றை ஒரே மழைக்காலத்தில் தின்றுவிடும்.

பறக்கவிடும் இடத்துக்குக் கடற்கரை மணலைவிட நீர் வற்றி இறுகிய கண்மாய்த் தரையே நல்லது. மணலில் ஐலேண்டரின் மூக்குச் சக்கரம் புதைந்துபோகும். கரையோரச் சீமைக்கருவேலத்தை விட்டு நூறடி தள்ளி நில்லுங்கள். அதன் முள்ளில் சிக்கிய இறக்கையை எடுப்பது அதைக் கட்டுவதைவிடக் கடினம். உச்சிப்புளியில் 2009 முதல் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத்தளம் இயங்குகிறது, அதன் சுற்றுவட்டத்தில் மாதிரி விமானத்தை எடுக்கவே கூடாது. வேறெங்கும், எங்கே பறக்கவிடலாம் என்பதை நிறங்களால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பார்த்த பிறகே போக வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, அந்தப் பக்கமும் வேண்டாம்.

ஐலேண்டரை ஒரு பருவம் முழுக்கப் பறக்கவிட்ட பிறகு டார்னியரைத் தொடங்கலாம். இறக்கை நீளம் இரண்டு சென்டிமீட்டர்தான் கூடுதல் என்பதால் அதே மோட்டார்கள், அதே கருவிகள், அதே பேட்டரி அப்படியே அதற்கு மாறும். புதிதாகக் கட்ட வேண்டியது மரவேலை மட்டும்.