பசிலுக்கு எம்.டி.எஃப்பா, பிளைவுட்டா? ஓரத்தைப் பார்த்து எடுத்த முடிவு

லேசரில் மரம் வெட்டி வீட்டு அலங்காரம், பசில் (துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிர்), விளையாட்டுப் பலகை என்று செய்யத் தொடங்குகிறவர்கள் முதலில் மெஷினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை வாட், டயோடா கண்ணாடிக் குழாயா, சீனாவிலிருந்து நேரே எடுக்கலாமா என்று. 3 மில்லிமீற்றர் பலகையைச் சுத்தமாக வெட்டுகிற எந்த மெஷினும் இந்த வேலைக்குப் போதும். மீதித் தலையிடி முழுவதும் பலகையில் இருக்கிறது. அதுவும் கொழும்பில்.

நான் இப்போது பசிலுக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் பிளைவுட் மட்டுமே எடுக்கிறேன். எம்.டி.எஃப்பில், அதாவது மரத்தும்பை நசுக்கிச் செய்த பலகையில், நிறைய வெட்டிய பிறகு வந்த முடிவு இது. ஆகவே கீழே இருப்பதை நடுநிலையான தீர்ப்பாக எடுக்க வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை முதலில் முடித்துவிடுவோம். எம்.டி.எஃப் மலிவு. தட்டையாக வரும். மர ரேகை இல்லாததால் எந்தத் திசையில் வெட்டினாலும் ஒரே மாதிரி வெட்டும், பெயின்ட் வடிவாகப் பிடிக்கும். பிளைவுட் விலை கூட, ஆனால் பார்க்க மரம் மாதிரியே இருக்கும், பாரமும் குறைவு. ஏ4 அளவில் 3 மில்லிமீற்றர் எம்.டி.எஃப் ஏறக்குறைய 140 கிராம் வரும். பாஸ்வூட் என்ற வெளிர் மரத்தில் செய்த பிளைவுட் 90, 95 கிராமுக்குள் நிற்கும். டொரொன்டோவில் இருக்கும் பேரப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்துப் பசில் அனுப்புகிற அம்மம்மாக்கள்தான் நம்முடைய நல்ல வாடிக்கையாளர்கள் என்பதால், தபால் செலவில் இந்த வித்தியாசமும் கணக்கில் வரும். சரி, இவை எல்லாம் சின்ன விஷயங்கள். முடிவைத் தீர்மானிப்பது ஈரம்.

இங்கே காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேலே. மே மாதம் தென்மேற்கு மழை தொடங்கினால் அலுமாரிக்குள் இருக்கும் சப்பாத்துக்கே பூஞ்சணம் பிடிக்கும். இந்தக் காற்றை இரண்டு பலகையும் குடிக்கின்றன. குடித்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் வித்தியாசம்.

எம்.டி.எஃப் என்பது மரத்தைத் தும்பாக உடைத்து, பசை கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் நசுக்கிச் செய்த பலகை. நசுங்கிய தும்புக்கு ஈரம் பட்டால் அது தன் பழைய பருமனுக்குத் திரும்பப் பார்க்கும். பலகை தடிக்கும். காய்ந்த பிறகும் அந்தத் தடிப்பு முழுவதும் இறங்காது. பிளைவுட்டும் ஊதும். ஆனால் அது முழு மரத்தாள், ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியது. காய்ந்தால் பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடும். வளையும், நெளியும், அது வேறு கதை. ஆனால் திரும்பி வரும்.

எம்.டி.எஃப்பின் மேல்முகம் இறுக்கமானது, ஈரத்தை அவ்வளவு சுலபமாக உள்ளே விடாது. ஈரம் நுழையும் வாசல் ஓரம்தான். அதனால்தான் ஒரே பலகை பெயர்ப்பலகையாக இருக்கும்போது வருஷக்கணக்கில் நிற்கிறது, பசிலாகும்போது நிற்பதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏ4 அளவில் ஒரு பெயர்ப்பலகைக்குச் சுற்றளவு ஒரு மீற்றர். அதே பலகையைப் பத்துக்குப் பத்தாக 100 துண்டு பசிலாக வெட்டினால், உள்ளே ஓடும் கோடுகள் நேராக இருந்தாலே நாலரை மீற்றர். துண்டுகள் ஒன்றோடொன்று மாட்டும் கொக்கி நெளிவுகளையும் சேர்த்தால் ஆறு, ஏழு மீற்றர் வரும். ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கம். ஆக 12, 14 மீற்றர் திறந்த ஓரம். பசில் என்பதே ஓரங்களால் ஆன சாமான்தான்.

இதற்கு மேல் அதைப் பிள்ளைகள் கையாள்கிறார்கள். வியர்வைக் கை, சிந்திய பிளேன்ரீ, எல்லாவற்றுக்கும் மேலே வாய். ஒரு பிள்ளை சப்பிய எம்.டி.எஃப் துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மூலை ஊறிய ரஸ்க் மாதிரி உப்பி, மேலே ஒட்டிய படம் விளிம்பில் மெல்லிய உதடாகக் கிளம்பியிருக்கும். நகத்தால் தட்டினால் தும்பு தும்பாக வரும். பிளைவுட் துண்டில் பல்லின் அடையாளம் இருக்கும், அவ்வளவுதான்.

‘சீலர் (ஈரம் புகாமல் அடைக்கும் பூச்சு) அடித்தால் சரிதானே?’ என்று கேட்பீர்கள். வெட்டுவதற்கு முன் அடித்தால் முகத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு. ஓரம் அதற்குப் பிறகுதானே பிறக்கிறது. வெட்டிய பிறகு அடிப்பதென்றால் 14 மீற்றர் ஓரத்தைத் தூரிகையால் தடவ வேண்டும். தடவினாலும், லேசர் தின்ற 0.1 அல்லது 0.2 மில்லிமீற்றர் இடைவெளியைச் சீலரே நிரப்பிவிடும். துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று போகாது. பெட்டிக்கும் விளக்குக்கும் ஓரத்தில் சீலர் அடிக்கலாம். பசிலுக்கு அது நடைமுறைக்கு ஒத்துவராது.

பொருத்தி நிறுத்துகிற சாமான்களில், அதாவது பேனை நிறுத்தி, வெசாக் கூட்டின் சட்டம், தாயக்கட்டைப் பெட்டி போன்றவற்றில், இதே பிரச்சினை காடிகளில், அதாவது ஒரு பலகைக்குள் இன்னொன்றைச் சொருக வெட்டும் இடைவெளிகளில், வரும். 3 மில்லிமீற்றர் பலகைக்கு வெட்டிய காடிக்குள் 3.2 ஆகிவிட்ட பலகை நுழையாது. ஏசி போட்ட அறையில் அழகாக இறுகிய பெட்டி, கொட்டாஞ்சேனையில் ஜன்னல் திறந்து வைத்திருக்கும் வீட்டில் கழற்றினால் திரும்பப் பூட்டுப்படாது. இந்த விஷயத்தில் பிளைவுட்டும் சாது இல்லை. கடையில் ‘மூன்று மில்லி’ என்று தருவது தடிப்பு அளக்கும் வேர்னியரில் 2.7 காட்டும், அடுத்த தாள் 3.1 காட்டும். எதை எடுத்தாலும் புதிய தாளின் மூலையில் 0.05 மில்லிமீற்றர் படியாகக் கூடும் காடிகளை வரிசையாக வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் மீதியை வெட்டுவேன். மழைக்காலமென்றால் ஒரு படி தளர்வாக விடுவேன்.

பிளைவுட்டிலும் எல்லாம் சரிவராது. மெசஞ்சர் வீதிக் கடையில் ஈரம் என்று சொன்னவுடன் முதலாளி, “தம்பி, மரீன் எடுங்க, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது” என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தப் பலகையைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றும் கறுத்த ஃபீனோலிக் பசை, லேசரையும் சேர்த்தே தடுத்துவிடும். வெட்டாமல் கரியும். நமக்கு வேண்டியது உள்ளே வெளிர் பசை போட்ட பாஸ்வூட், பொப்லர் அல்லது பேர்ச். அந்தப் பசையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் விடும், ஆனால் பசிலை யாரும் ஊறப்போடுவதில்லை. சாதாரணத் தச்சு வேலைக்கு விற்கும் பிளைவுட்டில் உள்தாளில் ஓட்டையும் ஒட்டும் இருக்கும். 98 துண்டு உதிர்ந்து, இரண்டு துண்டு அடியில் பிடித்துக்கொண்டு நிற்கும். கத்தி வைத்து நெம்பினால் அடித்தாள் சிராய்த்துக்கொண்டு வரும். பிளைவுட்டில் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். எம்.டி.எஃப்பில் இந்தத் தொல்லையே இல்லை.

வளைவு இன்னொன்று. தாள் நடுவில் 5 மில்லிமீற்றர் எழும்பி நின்றால் லேசரின் குவியம் விலகி, அந்த இடம் வெட்டுப்படாது. மெஷினுக்குள் பலகையைத் தாங்கும் தேன்கூட்டுத் தட்டில் காந்தம் வைத்து நாலு பக்கமும் அமர்த்த வேண்டும். பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காமல், தட்டையாக அடுக்கி மேலே பாரம் வைத்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

பிளைவுட்டுக்கு மாறினால் வரைபடத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். எம்.டி.எஃப்பில் கொக்கியின் கழுத்து எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே பலம். மூன்று தாள் பிளைவுட்டில் மேல்தாளின் ரேகைக்குக் குறுக்காக ஓடும் ஒல்லிக் கழுத்து சிராய்த்துக்கொள்ளும். 4 மில்லிமீற்றருக்குக் கீழே நான் போவதில்லை. தமிழ் எழுத்துப் பசிலில் புள்ளி ஒரு தனித் தலையிடி. க், ங், ச் என்று 18 மெய்யெழுத்துக்கும் புள்ளியைத் தனித் துண்டாக வெட்டினால் முதல் நாளே பாதி காணாமல் போகும். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அது தொண்டையில் சிக்கக்கூடிய அளவும்கூட. எழுத்தைச் சுற்றி ஒரு சட்டம் விட்டுப் புள்ளியை அதற்குள் எரித்துப் பதிப்பதுதான் சரி. அப்படிப் பதிக்கும்போது பாஸ்வூட்டின் வெளிர் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும், எம்.டி.எஃப்பில் மண்ணிறத்தில் மண்ணிறம். எம்.டி.எஃப்பின் வெட்டு ஓரக் கரியும் அதிகம் கையில் ஒட்டும். பெட்டியைத் திறந்தால் புகை வாசம் நாட்கணக்கில் நிற்கும்.

எம்.டி.எஃப்பைக் கைகழுவிவிட்டேன் என்று இல்லை. சுவரில் மாட்டும் பெரிய கோலம், அடுக்கடுக்காக ஒட்டும் தாமரை, பெயின்ட் அடித்த பெயர்ப்பலகை, இவற்றுக்கு அதுதான். அகலமான முகம், குறைந்த ஓரம், யாரும் தொடுவதில்லை. ஓரத்துக்கு இரண்டு தடவை சீலர் அடிக்கவும் முடியும். கடற்கரைப் பக்கச் சுவர், குளியலறைக் கதவு என்றால் அதற்கும் மறுப்பேன். நடுவில் பச்சை நிறம் தெரியும் ஈரம் தாங்கும் எம்.டி.எஃப்பும் இருக்கிறது. தடித்த பலகையில் அது நன்றாகவே நிற்கிறது. ஆனால் பசிலுக்கு வேண்டிய மெல்லிய அளவில் நான் அதிகம் வெட்டியதில்லை, ஆகவே அதை நம்பி வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன்.

முழு மரம் பற்றியும் கேட்கிறார்கள். 1760களில் லண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பரி வரைபடத்தை மஹோகனிப் பலகையில் ஒட்டி, எல்லைக் கோடு வழியே அறுத்து விற்றதுதான் பசிலின் தொடக்கம் என்பார்கள். மொறட்டுவையில் மெல்லியதாகச் சீவிய மஹோகனி வாங்கி நாமும் வெட்டலாம். வாசமும் நிறமும் பிளைவுட்டுக்கு வராது. ஆனால் முழு மரம் ரேகைக்குக் குறுக்கே மட்டும் ஊதிச் சுருங்கும் என்பதால் பெரிய துண்டுகள் கொண்ட, தளர்வாகப் பொருந்தும் பசிலுக்கே சரிவரும். நான் செய்தவை பரிசாகக் கொடுத்த சில மட்டும்தான். அவற்றை வைத்து விலை போட்டு விற்கச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. விற்பனைக்கென்றால் இப்போதைக்கு பாஸ்வூட் பிளைவுட், 3 மில்லிமீற்றர்; கடையிலேயே வேர்னியர் வைத்துப் பார்த்து, ஒரே பொதியிலிருந்து எடுத்த தாள்கள்.