தெருவுக்கு ஒரு குழாய்ப் பானை: வேலூர்க் கோடையில் பார்த்தது

கத்திரி வெயில் மே 4-ஆம் தேதிதான் தொடங்கும் என்று பஞ்சாங்கம் சொன்னாலும், வேலூரில் மார்ச் முடிவதற்குள்ளாகவே உச்சிவேளையில் தெரு வெறிச்சோடிவிடுகிறது. சமவெளியில் வெப்பம் 40 டிகிரியை எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தாலோ, வெப்பம் 45 டிகிரியைத் தொட்டாலோதான் வானிலை ஆய்வுத் துறை அதை வெப்ப அலையாகக் கணக்கிடும். தமிழக அரசும் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் குப்பை வண்டி தள்ளுபவரும் கூரியர் கொண்டுவருபவரும் அறிவிப்பைப் பார்த்து வேலைக்கு வருவதில்லை. அவர்களை மனத்தில் வைத்து, சென்ற கோடையில் எங்கள் தெருவினர் பணம் போட்டு வாங்கிய குழாய் வைத்த மண்பானையைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். இந்த ஆண்டும் வாங்கப் போகிறவர்களுக்கு உதவக்கூடும்.

சாலையோரக் கடையொன்றில், இரும்புத் தாங்கியுடன் சேர்த்து 450 ரூபாய்க்கு வாங்கியது. வண்ணம் பூசிப் பூ வரைந்த பானைகளே அங்கே முன்வரிசையில் இருந்தன; அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். மண்ணின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துச் செல்வதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. பெயிண்ட் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் அது வெறும் பாத்திரம்தான். எங்கள் பானையை ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவைத்து, முதல் தண்ணீரைக் கீழே கொட்டிய பின் பயன்படுத்தினோம். வேலூரின் வறண்ட காற்றில் மதியம் இரண்டு மணிக்கும் தண்ணீர் இதமாகக் குளிர்ந்தே இருந்தது.

குறை குழாயில் இருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் முதல் வாரத்திலேயே ஒழுகத் தொடங்கியது. கடைக்காரர் அப்படித்தான் இருக்கும் என்று கையை விரித்துவிட்டார். ரப்பர் வாஷரை மாற்றியதும் ஒழுகல் நின்றது என்றாலும், கூடுதலாகக் கொடுத்து எஃகுக் குழாய் வைத்ததைக் கேட்டு வாங்குவதே மேல். உப்புநீர் ஊற்றினால் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்துக் குளிர்ச்சி குறையும். தேங்காய் நாரால் தேய்த்தால் போதும், சோப்பைத் தொடவே கூடாது, மண் அதை உறிஞ்சிக்கொள்ளும்.

பானையைவிட, அதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயமாக இருந்தது. முதலில் முனைவீட்டுத் திண்ணையில் வைத்தோம். தூய்மைப் பணியாளரான ஓர் அம்மா படிக்குக் கீழேயே நின்று, "தம்ளர் வேணாம்மா, கையில ஊத்துங்க" என்று இரு கைகளையும் குவித்து நீட்டினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஆனாலும் அந்தப் படியை அவர் ஏறவில்லை. மறுநாளே பானை மதிலுக்கு வெளியே வேப்பமர நிழலுக்குப் போனது. அதன்பின் யாரிடமும் கேட்காமல் அவரே பிடித்துக் குடித்தார். நாளடைவில் பாட்டிலையும் நிரப்பிக்கொண்டு போனார்.

நிரப்பும் பொறுப்பை வீட்டுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டோம். கேன் தண்ணீரா, காய்ச்சி ஆறவைத்ததா என்ற வாக்குவாதம் மட்டும் மே மாதம் முழுக்க ஓயவில்லை. முறை வைக்க ஆளில்லாத தெருவுக்கு இந்தப் பானையைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் உள்ளே வழுவழுப்பு ஏறி, மூடி விலகியிருந்தால் கொசுவும் முட்டையிடும்.

வெயிலில் நெடுநேரம் உழைத்து வியர்வையோடு உப்பையும் இழந்தவருக்கு வெறும் தண்ணீர் போதாது என்பதால், பக்கத்து மளிகைக் கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளும் வாங்கி வைத்தோம். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அதைப் பானைக்குள் கொட்டக் கூடாது.

சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் இதே குளிர்ச்சியை எதிர்பார்க்க வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் நீர் எளிதில் ஆவியாகாது. வறண்ட உள்மாவட்டங்களுக்கு 450 ரூபாய் நியாயமான விலையே. இந்த முறை நாங்கள் இரண்டு வாங்குகிறோம், எஃகுக் குழாயுடன்.