கீமோ நாட்களில் சாளையா, முள்ளாத்தாவா?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில், தக்கலை வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. மாமி ஒரு பை நிறைய முள்ளாத்தா (முள் சீத்தா) இலை பறித்து வந்தார். சித்தப்பா விலை உயர்ந்த புரத மாவு டப்பா வாங்கி வந்தார். பக்கத்து வீட்டு அக்கா, மீனையும் கருப்பட்டியையும் அடியோடு நிறுத்தச் சொன்னார். அன்பில் குறையில்லை. ஆனால் எதை அடுப்பில் ஏற்றுவது?

சிகிச்சைக் காலத்தில் உடல் எடை குறையக் கூடாது, தசை கரையக் கூடாது. கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் என்பது நோயாளிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம். இந்தக் கணக்கை வைத்துத்தான் எல்லாவற்றையும் எடைபோட்டேன்.

முள்ளாத்தா கஷாயம் இதில் முதலிலேயே தோற்றது. ஆய்வகத்தில் செல்கள் மீது அதன் சாறு வேலை செய்தது உண்மை. மனிதர்களைக் குணமாக்கியதற்குச் சான்று இல்லை. கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில் இந்தப் பழத்தையும் இலைச் சாற்றையும் தொடர்ந்து உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு காணப்பட்டது. மாமியிடம் இதைச் சொல்லவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

சாளை (மத்தி மீன்), 100 கிராம் சதையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் தருகிறது. வெறும் மரச்சீனி (மரவள்ளி) கிழங்கும் கட்டன் சாயாவும் (பால் சேர்க்காத தேநீர்) வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். 200 கிராம் கிழங்கில் 3 கிராம் புரதம்கூடத் தேறாது. அதே கிழங்கைக் குழைய மசித்து, முள் நீக்கிய சாளையைப் பிசைந்து கொடுத்தால் கதையே வேறு. ஆனால் மீன் பொரியும் மணம் அம்மாவுக்குக் குமட்டியது. புறவாசலில் அடுப்பு வைத்துச் சமைத்து, ஆறிய பிறகு உள்ளே கொண்டுவந்தேன். வாய்ப்புண் வந்த வாரத்தில் புளியும் மிளகாயும் எரிந்தன. தேங்காய்ப்பாலில் மஞ்சளும் உப்பும் மட்டும் சேர்த்து வேகவைத்தேன். எவர்சில்வர் கரண்டியில் இரும்பு வாடை அடிக்கிறது என்றார். மரக்கரண்டிக்கு மாறியதும் நான்கு வாய் கூடுதலாக இறங்கியது.

மீன் ஆகாதவர்களுக்குப் பயறு கஞ்சி. 50 கிராம் சிறுபயறு 12 கிராம் அளவுக்குப் புரதம் தரும். வெறும் கஞ்சித் தண்ணீரில் அது கிடைக்காது. நன்றாக வெந்த முட்டை இரண்டில் இன்னொரு 12 கிராம்.

டப்பா மாவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. விழுங்க முடியாதவர்களுக்கு உணவியல் நிபுணர் எழுதித் தருவது உதவும். கடையில் நாமே வாங்குவதில் பலவற்றில் சர்க்கரைதான் முன்னால் நிற்கிறது.

பதநீரா இளநீரா என்றால், வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் இளநீர்தான், அதுவும் கண்ணெதிரே வெட்டி உடனே குடிப்பது. மரத்தில் கலயத்தில் திறந்து கிடக்கும் பதநீரில் கிருமி சேரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீருக்கும் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கருப்பட்டிக்கு வருகிறேன். இனிப்பை நிறுத்தினால் கட்டி பட்டினியாகிச் சாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கட்டி மட்டுமல்ல, உடலின் எல்லா செல்களும் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன. சர்க்கரை நோய் இல்லாத, சாப்பாடே இறங்காத ஒருவரிடமிருந்து அந்த இனிப்பையும் பறிப்பது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. மூன்றாவது கீமோ சுற்று முடிந்த ஐந்தாம் நாள், அவித்த ஏத்தன் (நேந்திரம்) பழத்தின் மேல் தேங்காய்த் துருவலும் கருப்பட்டியும் போட்டுத் தரச் சொன்னார் அம்மா. அந்த வாரத்தில் அவராகக் கேட்டு வாங்கிய முதல் உணவு அது. முழுப் பழத்தையும் சாப்பிட்டார்.