1984ஆம் வருஷத்து 'சோவியத்ஸ்கி ஸ்போர்ட்' பழைய கட்டு: வாங்கலாமா?

மாஸ்கோ இஸ்மாய்லோவோ சந்தையில் பழைய பேப்பர் விற்கிற ஒருவரிடம் வாங்கினேன். சோவியத் அரசின் விளையாட்டு நாளிதழ், ஒரு இதழுக்கு நாலே பக்கம். குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். மே முதல் செப்டம்பர் வரை முழுசாக இருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து அடுக்கினால் ஆகஸ்டில் ஏழெட்டு நாள் காணோம், மடிப்பு விழுந்த இடமெல்லாம் தொட்டால் உதிர்கிறது. கேட்ட விலைக்கு இது ரொம்ப மோசம்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது?

லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிற்குப் போவதில்லை என்று சோவியத் ஒலிம்பிக் கமிட்டி 1984 மே 8 அன்று அறிவித்தது. அந்த அறிக்கையை ரஷ்ய மொழியிலேயே படிக்க வேண்டும். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் காரணம் காட்டி 1980ல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு அணியை அனுப்பாமல் இருந்தாரே, அதற்குப் பெயர் 'பாய்காட்', அதாவது புறக்கணிப்பு. இவர்கள் போகாததற்குப் பெயர் 'நெஉச்சாஸ்தியே', அதாவது பங்கேற்காமை. காரணமாகச் சொன்னது வீரர்களின் பாதுகாப்பு, அமெரிக்காவில் கிளப்பிவிடப்படும் சோவியத் எதிர்ப்பு வெறி. எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. சோவியத் அணியை உள்ளே விடக்கூடாது என்று கலிபோர்னியாவில் நிஜமாகவே ஒரு கூட்டமைப்பு வேலை செய்தது. ஒலிம்பிக் தொடர்பு அதிகாரியாகப் போகவிருந்த யெர்மிஷ்கினுக்கு, உளவாளி என்று சந்தேகப்பட்டு அமெரிக்கா விசா மறுத்தது. இப்படி நடந்த இரண்டொரு விஷயங்களை அடித்தளமாகப் போட்டு, மேலே எடுத்துவிட்ட முடிவைக் கட்டி நிறுத்துகிறார்கள். அந்த வேலைப்பாட்டைப் பார்க்கத்தான் இந்தக் கட்டு.

அப்புறம் 'ட்ருஷ்பா-84', சோவியத்தும் அதன் கூட்டாளி நாடுகளும் அந்த வருஷமே நடத்திய நட்புப் போட்டிகள். ஒன்பது நாடுகளில் நடந்தது, ஒலிம்பிக்கிற்கு மாற்று இல்லை என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். செக்கோஸ்லோவாகியாவின் ஓலோமோட்ஸில் ஒல்கா மோஸ்தெபனோவா என்ற சின்னப் பெண் ஜிம்னாஸ்டிக்ஸில் 40க்கு 40 வாங்கினாள். அதைப் படிக்கும்போது சந்தோஷத்தைவிட வலிதான் அதிகமாக இருந்தது.

யூரி செதிஹ் விஷயம் இன்னும் மோசம். சங்கிலிக் குண்டு எறிதலில் 1976, 1980 இரண்டிலும் தங்கம் வாங்கியவர். 1984 ஜூலை 3 அன்று அயர்லாந்தின் கார்க் நகரில் 86.34 மீட்டர் எறிந்து உலக சாதனை வைத்தார். அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கம் வாங்கிய ஃபின்லாந்துக்காரர் எறிந்தது 78.08. எட்டு மீட்டருக்கும் மேல் வித்தியாசம்! மூன்றாவது தங்கம் கையில் இருந்த மனிதரை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள், அவர் என்ன நினைத்தார் என்று என் கட்டில் ஒரு வரிகூட இல்லை. அந்த இரண்டு எண்களையும் நானே பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

ரஷ்யன் படிக்கத் தெரியாவிட்டால் இதில் காசு போட வேண்டாம், படங்கள் ரொம்ப மங்கல். தெரிந்தவர்கள் கண்டிப்பாக வாங்குங்கள், ஆனால் மே இரண்டாம் வாரமும் ஆகஸ்டும் முழுசாக இருக்கிறதா என்று கடையிலேயே தேதி தேதியாக எண்ணிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.