திராட்சைத் திருவிழா: நாசிக் வழியா, வெவே வழியா?

நாசிக்கில் சுலா என்ற ஒயின் நிறுவனம் 2008-இல் சுலாஃபெஸ்ட் என்ற விழாவைத் தொடங்கியது. அறுவடைக் காலமான பிப்ரவரியில் இசை, ஒயின் சுவைத்தல், காலால் திராட்சை மிதித்தல் எல்லாம் உண்டு. மும்பை சுமார் 180 கி.மீ.தான், வார இறுதியில் கூட்டம் வர அது போதும். ஒயின் பழக்கமே இல்லாதவர்களையும் தோட்டத்துக்குள் அழைத்துவருவது பெரிய காரியம். ஆனால் மேடையில் நாயகர்கள் பாடகர்கள்தான்.

சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் கதை வேறு. 1797 முதல், ஒரு தலைமுறைக்கு ஒருமுறை மட்டுமே விழா. அங்குள்ள பழைய சங்கம் ஒன்று தோட்டங்களைத் தொடர்ந்து பார்வையிட்டு, கொடி பராமரிப்பவர்களின் வேலையை மதிப்பிடுகிறது. சிறந்தவர்களுக்கு விழாவில் முடிசூட்டுகிறது. கொடியைக் கவாத்து செய்யும், அதாவது வெட்டிச் சீராக்கும் கைக்கு ஊரே எழுந்து நின்று தரும் இந்த மரியாதைதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. 2016-இல் இந்த விழா யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. செலவோ பயங்கரம்: 20,000 பேர் அமரும் அரங்கு கட்டிய 2019 விழா நட்டத்தில் முடிந்தது.

விடுதிகளும் உணவகங்களும் பிழைக்க, அடிக்கடி நடக்கும் நாசிக் வகை விழாவே உதவும். தொழில் தலைமுறை தாண்டி நிற்க, வெவேயின் விருதை நாசிக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அரங்கு தேவையில்லை. நேர்மையான நடுவர்கள் போதும்.